கொண்டு போகக்கூடிய தோட்டம்

இரவல் காணியில் குடியிருப்பவர் அந்த மண்ணுக்கு எரு போட இருமுறை யோசிப்பார். பாடுபட்டுப் பண்படுத்திய மண்ணை, எழும்பச் சொன்னால் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, 2009 இல் போர் முடிந்த பின்னரும் முகாம்களிலேயே இருந்தன. அடுத்த போகத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் கழிந்த போகங்கள் எத்தனை!

மண்ணையும் தண்ணீரையும் ஒரு பலகைப் பெட்டிக்குள் வைத்து, யன்னலோரத்தில் மிளகாயும் கீரையும் வளர்க்கும் முறையொன்றை இங்கு தருகிறோம். ஆயிரங்கன்று நட்ட கைகளுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். காணிக்கு இது ஈடாகாது. காணியை மீட்கும் வேலை வேறு. ஆனால் கறிக்குப் பச்சைமிளகாயும் பிள்ளைகளுக்குக் கீரையும் இன்றைக்கே வேண்டியவை. பொதுக்கிணறு தூரத்தில் இருந்தால் தினமும் வாளி சுமக்கும் வேலையும் குறையும்.

குப்பி விளக்கை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்க, திரி அதை மேலே உறிஞ்சுகிறது. இப்பெட்டியிலும் தண்ணீர் அடியில் நிற்கும். மண்ணே திரியாக இருந்து, வேர் குடிக்கக் குடிக்க மேலே இழுத்துக் கொடுக்கும். புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டாம். நீர் நிரப்பிய மட்பானையைப் பயிரின் நடுவே புதைத்து வைக்கும் முறையை, சீனத்தின் பான் செங்சி 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே தமது வேளாண்மை நூலில் எழுதிவைத்தார்.

பெட்டியின் உள்ளளவு 2 அடி நீளம், 9 அங்குல அகலம், 12 அங்குல உயரம் இருக்கட்டும். இதைவிடப் பெரிதானால் இருவரால் தூக்க முடியாது. பழைய சாமான் தட்டுப் பலகைகள் போதும். அவற்றில் ‘எம்.பி.’ என்ற ஆங்கில எழுத்துகள் குத்தப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். அது நச்சுப்புகை ஊட்டிய பலகை. ‘எச்.ரி.’ என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பாவிக்கலாம். கறையானுக்குப் பயந்து உட்புறத்தில் கழிவு எண்ணெய் பூசுவதும் ஆகாது.

தடித்த பொலித்தீனை இரண்டாக மடித்து உள்ளே விரியுங்கள். மூலைகளை வெட்டாமல், பொதி சுற்றுவதுபோல் மடிக்கவேண்டும். ஆணி அடிப்பதானால் மேல் விளிம்பில் மட்டும். அடியில் 3 அங்குல உயரத்துக்கு அரிகல் துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் ஒரு பலகையைத் தளமாக இடுங்கள். தளத்தில் இரண்டு வட்டத் துளைகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மாஜரின் கோப்பையை அடித்தளத்தைத் தொடுமாறு இறக்குங்கள். கோப்பைகளைச் சுற்றிலும் துளையிட்டிருக்கவேண்டும். அவற்றில் நிரப்பும் மண்தான் உங்கள் திரி. துணித்திரி வேண்டுமென்றால் நைலோன் சேலைக் கிழிசல் நல்லது. பருத்தி சில மாதங்களில் உக்கிவிடும். மூலையில் ஒரு எஸ்லோன் குழாயைத் தளத்தினூடாக அடிவரை நிறுத்தினால் தண்ணீர் ஊற்ற வழி கிடைக்கும். பூச்சிநாசினி வந்த கொள்கலன் எதையும், எவ்வளவு கழுவியிருந்தாலும், இந்த வேலைக்கு எடுக்கவேண்டாம்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். பெட்டியின் பக்கத்தில், அடியிலிருந்து இரண்டரை அங்குல உயரத்தில், ஒரு துளையிட்டு போல்பொயின்ற் பேனாவின் கோதைச் செருகுங்கள். ஊற்றும்போது அதனால் நீர் வடிந்தால் தொட்டி நிரம்பிவிட்டது. ஏறக்குறைய 8 லீற்றர் பிடிக்கும். மாரிமழையிலும் வேர் அழுகாமல் காப்பது இந்தத் துளையே. அதன் வாயை நுளம்பு வலைத் துண்டால் கட்டி, ஊற்றும் குழாயையும் இறுக மூடுங்கள். 2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை டெங்கு பிடித்தது. அந்த நுளம்பு பெருகுவது வீட்டோரம் தேங்கும் இத்தகைய நல்ல தண்ணீரில்தான். மூடாத பெட்டியைச் செய்வதிலும் செய்யாமல் விடுவது மேல்.

மண் கலவையில் மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் ஒரே அளவு. தும்புத்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தரம் அலசிப் பாவியுங்கள். வயல் களிமண் இறுகிவிடும். வெறும் மணலோ நீரை அதிக உயரம் இழுக்காது. நட்டவுடன் ஒருமுறை மேலிருந்து நன்றாக நனையுங்கள். காய்ந்த கலவை தானாக உறிஞ்சத் தொடங்காது. பிறகு குழாய்வழி ஊற்றினால் போதும். ஓர் ஈர்க்கை உள்ளே விட்டுப் பார்த்தால் எவ்வளவு நீர் மிச்சம் என்று தெரியும். சோளகக் காற்று மாதங்களில் அடிக்கடி பார்க்கவேண்டும்.

எமது பகுதிகளில் பல கிணறுகள் சவர் நீர்க் கிணறுகள். கீழிருந்து ஏறும் நீர் ஆவியாகும்போது உப்பை மேல்மண்ணில் விட்டுச்செல்லும். வெள்ளை படர்வதைக் கண்டால் அந்த மேல்மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, மழைநீரையோ நல்ல நீரையோ மேலிருந்து ஊற்றி, துளைவழி வடிய விடுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் நல்லது.

மிளகாய் இரண்டு கன்று, அல்லது வல்லாரை, பொன்னாங்காணி, புதினா வைக்கலாம். வெங்காயம் வேண்டாம், முற்றும் நேரத்தில் அதற்குக் காய்ந்த மண் தேவை. கிடுகு, மண் சுவர்கள் பாரந் தாங்கா. ஆகவே பெட்டியை யன்னலில் தொங்கவிடாமல், அதன் கீழே இரண்டு கட்டைகளில் ஏற்றி வையுங்கள். கறையானும் எளிதில் ஏறாது.

இடம் மாற நேர்ந்தால், குழாயினுள் ரியூப் விட்டு நீரை உறிஞ்சி வெளியேற்றுங்கள். அப்போதும் 35 கிலோவுக்குக் குறையாது. கன்றுக்குத் தடி கட்டி, பெட்டியை அடியில் பிடித்துத் தூக்குங்கள். புது இடத்தில் முதல் இரண்டு நாளும் நிழலில் இருக்கட்டும்.