ஐப்பசி மழையில் உடம்பும் மனசும் சோர்வது ஏன்? கூதிர் காலத்தை எப்படிச் சமாளிப்பது?

அக்டோபர் பிறந்தால் போதும், போனைத் திறந்தாலே இலையுதிர் கால ரீல்ஸ்தான். பழுத்து விழும் மேப்பிள் இலை, தோளில் கம்பளி, கையில் ஒரு பெரிய காபி கப். கூடவே, ‘இந்த சீசனில் உங்களை நீங்களே கவனிச்சுக்கோங்க’ என்று ஒரு அட்வைஸ்.

அட்வைஸ் சரிதான். ஆனால், கிணத்துக்கடவு பஸ் ஸ்டாப்பில் நனைந்த ஷூவோடு கோவை பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு மேப்பிள் இலையால் என்ன பிரயோஜனம்? நம்ம ஊர் வானிலைக்கு நம்ம ஊர்க் கணக்குதான் சரிப்படும்.

நம்ம ஊரில் என்னதான் மாறுது?

தமிழில் ஆண்டுக்கு 6 பருவங்கள். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். இலை உதிரும் காலம் இல்லை. மழையும் குளிர்காற்றும் சேர்ந்து வரும் காலம்.

கிணத்துக்கடவு, கோவை - பொள்ளாச்சி சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய். மலைத்தொடரில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு இருக்கும் இந்த இடைவெளி வழியாகத்தான் ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு வரும். புரட்டாசி முடியும்போது அது அடங்கிவிடும். ஆடியில் ஓயாமல் சுற்றிய காற்றாலைகள் சோம்பலாக நிற்கும். அப்புறம் கிழக்கிலிருந்து வடகிழக்குப் பருவமழை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது.

காற்றின் திசை, ஈரப்பதம், வெயில் எல்லாமே சில வாரங்களில் மாறிவிடுகிறது. ஆனால் ஆபீஸ் நேரமும் டார்கெட்டும் மாறுவதில்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது.

மனசு மந்தமாக இருப்பதற்கு வெளிச்சம் காரணமா?

‘பருவகால மனச்சோர்வு’ என்ற பிரச்சினையை நார்மன் ரோசன்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984-ல் அமெரிக்காவில் விவரித்தார்கள். குளிர்காலத்தில் பகல் குறைந்துபோகும் நாடுகளில் இது பெரிய விஷயம். லண்டனில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம். கோவையிலோ அது சுமார் 70 நிமிடம்தான்.

அப்படியென்றால் நமக்கு இது பொருந்தாதா? நேரடியாகப் பொருந்தாது. நம்ம ஊரில் பகல் பெரிதாகக் குறையவில்லை. நாம்தான் பகலை விட்டு உள்ளே போய்விடுகிறோம். மழை என்பதால் வாக்கிங் கட். மதியம் டீக்கடைக்கு நடப்பதும் கட். காலையில் பஸ், பகலில் ஏசி, இரவில் போன்.

ஆபீஸ் விளக்கின் வெளிச்சம் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். மூளையில் இருக்கும் உடல் கடிகாரம் இந்த வெளிச்சத்தை வைத்துத்தான் நேரம் சரிசெய்துகொள்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும். மறுநாள் எழுந்ததுமே அசதி. நாலு காபி குடித்துச் சமாளித்தால், அன்று ராத்திரித் தூக்கமும் போச்சு.

அமுச்சி சொன்னதில் விஷயம் இருக்கா?

இருக்கு, ஆனால் அளவோடு. மழை நாளில் கொங்கு வீடுகளில் கொள்ளு ரசம் கொதிக்கும். அது காய்ச்சலைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால், சூடாகவும் வயிற்றுக்கு இதமாகவும் இருக்கும் சாப்பாடு. கொள்ளுப் பருப்பாகச் சாப்பிட்டால் நல்ல புரதமும் கிடைக்கும். மழையில் ஆர்டர் போடும் பரோட்டாவுக்கு இது எவ்வளவோ மேல்.

தீபாவளி லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேரும். கச்சாயமும் முறுக்குமாகத் தின்று தீர்க்கும் நாளில் வயிற்றுக்காகச் செய்துவைத்த ஏற்பாடு அது. வெல்லமும் நெய்யும் தாராளமாகச் சேர்வதால் சர்க்கரை உள்ளவர்கள் கவனமாக இருக்கணும்.

எண்ணெய்க் குளியலையும் இப்படிப் பாருங்கள். எண்ணெய் தேய்த்தால் குளிர்காற்றில் வறளும் தோல் மிருதுவாகும். அதைவிட முக்கியம், அன்றைக்கு அரை மணி நேரம் போனைத் தொட முடியாது!

காய்ச்சல் வந்தால் ‘சீசன் காய்ச்சல்தானே’ என்று விடலாமா?

விடக் கூடாது. மழைக்காலத்தில் டெங்கு பரவும். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும்; தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் தண்ணீர் டிரம்மையும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டையும் வாரம் ஒருமுறை கழுவச் சொல்கிறார்கள்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ‘ஜுரம் விட்டுருச்சு, ஆபீஸ் போறேன்’ என்று கிளம்பும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். காய்ச்சல் இறங்கும்போது கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நிலவேம்புக் குடிநீர் குடித்தாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த வாரமே தொடங்க 5 விஷயங்கள்

• எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 நிமிடம் வெளியே நடங்க. கிணத்துக்கடவுக்காரர்களுக்குப் பொன்மலை வேலாயுதசுவாமி கோயில் படிக்கட்டு இருக்கவே இருக்கு. மழை என்றால் குடையோடு தெருமுனை வரை போனாலும் போதும்.

• எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். ஞாயிறும் சேர்த்துத்தான்.

• மதியத்துக்குப் பிறகு காபி, டீயைக் குறையுங்க. தாகம் எடுக்காத சீசன் என்பதால் தண்ணீரை நினைவு வைத்துக் குடிங்க.

• பையில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் வைங்க. நாள் முழுக்க ஈரக் காலோடு இருந்தால் சேற்றுப்புண் நிச்சயம்.

• தீபாவளிச் செலவுக்கு முன்கூட்டியே ஒரு வரம்பு போடுங்க. கார்த்திகை மாதத் தூக்கத்தைக் கெடுப்பதில் ஈஎம்ஐக்கும் பங்கு உண்டு.

சோர்வா, அதற்கும் மேலா?

இரண்டு நாள் மந்தமாக இருப்பது இயல்பு. ஆனால் எதிலும் ஆர்வம் இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, 2 வாரம் தாண்டியும் மனசு கனமாகவே இருந்தால் மழையைக் காரணம் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். ‘வாழவே பிடிக்கலை’ என்ற எண்ணம் வந்தால் 2 வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள்.

ஐப்பசி மழைக்குத் தோட்டத்தில் வரப்பைச் சரிசெய்யாமல் இருக்கமாட்டார்கள் நம்ம ஊர்க்காரர்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் நம்ம உடம்புக்கும் மனசுக்கும் ஒதுக்கலாம். நாளைக் காலையில் மழை விட்டதும் ஒரு 20 நிமிடம் வெளியே போய்ட்டு வாங்க.