கட்டணம் முன்னே, வேலை பின்னே

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், பூண்டும் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் விளையும் காந்தலூரில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் தொழில் சார்ந்த படிப்பைத் தேடினால் மூணாறுப் பக்கம் போகவேண்டும், இல்லையேல் சின்னார்க் காட்டைக் கடந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கவேண்டும். நகரங்களில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களோடு, ஒரே பெயர்ப்பலகையைப் பல ஊர்களில் மாட்டியிருக்கும் தனியார் பயிற்சி மையங்களும் அவர்களை அழைக்கின்றன. இம்மையங்கள் எவ்வாறு பெருகின என்பதை மலையூர்ப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

இந்தியாவில் இவற்றின் முன்னோடி என்ஐஐடி. தில்லி ஐஐடியில் பயின்ற இராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் 1981-இல் அதனைத் தொடங்கியபோது, வங்கிகளுக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் கணினி தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். பல்கலைக்கழகங்களிலோ அதற்கான இடங்கள் மிகக் குறைவு. அந்த இடைவெளியிலேயே என்ஐஐடியும், 1986-இல் தோன்றிய ஆப்டெக்கும் வளர்ந்தன. பட்டப்படிப்பு ஒருபுறம், மாலையில் கணினி வகுப்பு ஒருபுறம் என்று படித்த ஒரு தலைமுறைக்கு அவை உண்மையாகவே வழி திறந்தன என்பதை மறுப்பது நியாயமன்று.

அவற்றின் விரைவான பரவலுக்கு உதவியது ஃபிரான்சைஸ் எனப்படும் உரிம முறை. உள்ளூர் முதலீட்டாளர் ஒருவர் கட்டடத்தையும் கணினிகளையும் ஆசிரியர்களையும் ஏற்பாடு செய்ய, தலைமை நிறுவனம் தன் பெயரையும் பாடத்திட்டத்தையும் விளம்பரத்தையும் தந்து, மாணவர் கட்டணத்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. இதனால் பெரும் முதலீடின்றியே தலைமை நிறுவனம் ஊர்தோறும் கிளை பரப்ப முடிகிறது. ஆனால் கற்பித்தலின் தரம் அந்தந்த மையத்தை நடத்துபவரைப் பொறுத்தே அமைகிறது.

இந்தியச் சட்டம் இங்கே ஒரு கோட்டை வரைந்துள்ளது. பட்டம் வழங்கும் கல்லூரியை அறக்கட்டளையோ, சங்கமோ, இலாப நோக்கற்ற நிறுவனமோதான் நடத்தலாம். 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரியை ஏற்றுக்கொண்டு, கொள்ளை இலாபத்தை மறுத்தது. அதனால் இலாபம் கருதும் நிறுவனங்கள் பெரும்பாலும் பட்டத்தை விட்டுச் சான்றிதழ்ப் பயிற்சிக்குள் வந்தன. சட்ட அங்கீகாரம் பெற்ற கல்விக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லாதிருக்க, அங்கீகாரமற்ற வணிகப் பயிற்சிக்கு 18 விழுக்காடு வரி விதிக்கப்படுவதிலிருந்தே, அரசு இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை என்பது விளங்கும்.

கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் கொரிந்தியன் கல்லூரிகள் காட்டின. 1995-இல் தொடங்கிய அந்நிறுவனம், சிறு தொழிற்கல்லூரிகளை விலைக்கு வாங்கிச் சேர்த்தே நூறுக்கும் மேற்பட்ட வளாகங்களாகப் பெருகியது. அதன் வருவாயின் பெரும்பகுதி, மாணவர்கள் பெயரில் அரசு வழங்கிய கல்விக்கடனிலிருந்து வந்தது. பணம் கல்லூரிக்குச் சென்றது, திருப்பிச் செலுத்தும் சுமை மாணவரிடம் தங்கியது. சேர்க்கை கூடினாலே வருமானம் கூடும் என்ற நிலையில், படித்தவருக்கு வேலை கிடைத்ததா என்பது பின்னுக்குப் போனது. வேலைவாய்ப்பு விகிதத்தைத் திரித்துக் காட்டியதாக 2015 ஏப்ரலில் அரசு சுமார் 3 கோடி டாலர் அபராதம் விதித்தது; அதே மாதம் எஞ்சிய 28 வளாகங்களும் மூடப்பட, ஏறத்தாழ 16,000 மாணவர்கள் நடுவழியில் நின்றனர். 2022-இல் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அமெரிக்க அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

இலாபம் ஈட்டுவது மட்டுமே குற்றமாகாது. கட்டணம் முழுவதும் முன்னரே கைக்கு வந்துவிடுவதும், பயன் பின்னர் எவராலும் அளக்கப்படாமல் போவதுமே தீங்கின் வேர். விளம்பரங்களில் காணும் 'வேலைவாய்ப்பு உதவி' என்பது பெரும்பாலும் நேர்காணலுக்கு ஏற்பாடு செய்வதை மட்டுமே குறிக்கும், வேலைக்கு உறுதியளிப்பதை அன்று. ஆகவே காந்தலூர்ப் பெற்றோரே, பூண்டு விற்ற பணத்தைக் கட்டுமுன், அச்சான்றிதழைத் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம் ஏற்கிறதா என்று கேளுங்கள். கட்டணத்தைத் தவணையாகச் செலுத்துங்கள். சென்ற ஆண்டு அதே மையத்தில் படித்தவர்களை நேரில் தேடிப் பேசுங்கள்.