மண்டையைத் திறக்காமல் அடைக்கப்படும் மூளைப் புடைப்பு

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் மூளையின் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாகின்றன. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் இது ‘வில்லிஸ் வளையம்’ எனப்படுகிறது. வளையத்திலிருந்து கிளைகள் பிரியும் முனைகளில் ரத்தம் சுவரின் மீது நேராக மோதும். மூளைத் தமனிகளின் சுவரோ உடலின் மற்ற தமனிகளைவிட மெல்லியது. பல ஆண்டுகள் மோதலைத் தாங்கிய சுவர் ஓரிடத்தில் தளர்ந்து வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டால் அதுதான் அனியூரிசம். பெரும்பாலானவை காம்போடு தொங்கும் சுண்டைக்காயைப் போல, குறுகிய கழுத்தும் உருண்டைப் பையுமாக இருக்கும். அளவு சில மில்லிமீட்டர்.

வயதுவந்தவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இப்படியொரு புடைப்பு இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாமலேயே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். பெண்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் பெருகும் ஒரு பரம்பரை நோய் இருப்பவர்களுக்கும், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் இருவருக்கு இது வந்திருப்பவர்களுக்கும் அப்படியே.

வெடித்தால் கதை வேறு. மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையில் ரத்தம் பீறிடுகிறது. இதுவரை வந்ததே இல்லை என்று சொல்லும்படியான தலைவலி, ஒரே நொடியில் உச்சத்தைத் தொடும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் தொடரலாம். சிலர் மருத்துவமனை சேரும் முன்பே இறந்துபோகிறார்கள். சேர்ந்தவர்களுக்கு சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும். ஆஞ்சியோகிராம் புடைப்பு எங்கே, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று காட்டும்.

சிகிச்சையின் நோக்கத்தைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். ஏற்கெனவே சிந்திய ரத்தம் செய்த சேதத்தை எந்த அடைப்பும் சரிசெய்யாது. வெடித்த வாயை ஒரு சிறு ரத்தக்கட்டி தற்காலிகமாக மூடியிருக்கும். அது மறுபடி திறந்துகொள்ளும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாம் முறை வெடித்தால் பிழைப்பவர்கள் குறைவு. அந்த இரண்டாம் வெடிப்பைத் தடுப்பதுதான் அவசரம்.

இதற்கு வழி கண்ட முதல் கை அறுவை மருத்துவருடையது. 1937இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் உலோகக் கிளிப் போட்டு இறுக்கினார். கிளிப் முறை இன்றும் இருக்கிறது, பல புடைப்புகளுக்கு அதுவே சிறந்தது. ஆனால் ஆழத்திலுள்ள தமனியை எட்ட மூளையை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அதைத் தவிர்க்க, தமனியின் உள்வழியாகவே போக முடியாதா என்ற கேள்வி எழுந்தது. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இலேயே மூளைத் தமனிகளை எக்ஸ்-ரேயில் தெரியவைத்திருந்தார். வழி கண்ணுக்குத் தெரிந்தது. அடைக்கும் பொருள்தான் கிடைக்கவில்லை. மாஸ்கோவின் ஃபியோடர் செர்பினென்கோ, கத்தீட்டர் எனும் நீண்ட மெல்லிய குழாயின் முனையிலிருந்து கழன்றுகொள்ளும் சின்னஞ்சிறு பலூன்களைச் செய்து, தம் அனுபவத்தை 1974இல் வெளியிட்டார். மே தின விழாவில் குழந்தைகள் கையிலிருந்த பலூன்களைப் பார்த்து அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். பலூனின் குறை அதன் பிடிவாதம்: பையின் வடிவத்துக்கு அது பணியாது, மெல்லிய சுவரைத் தன் வடிவத்துக்கு இழுக்கும்.

இத்தாலியரான குயிடோ குக்லியெல்மி முயன்றது வேறு. ரத்த அணுக்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. நேர்மின்முனையை உள்ளே செலுத்தினால் அணுக்கள் அதில் ஒட்டி, ரத்தம் உறையும் என்பது அவர் கணக்கு. சோதனையின்போது மின்னோட்டத்தில் எஃகு முனை அரிக்கப்பட்டு, தானாகவே கழன்று உள்ளே தங்கிவிட்டது. அந்த விபத்தே கண்டுபிடிப்பாயிற்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், பொறியாளர் இவான் செபெட்காவோடு சேர்ந்து, எஃகுக் கம்பி முனையில் மென்மையான பிளாட்டினச் சுருளைப் பொருத்தினார். 1990இல் முதல் நோயாளிகளுக்குப் பயன்பட்ட இந்தக் ‘காயில்’, 1995இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. இதற்கு முன்பும் சுருள்கள் இருந்தன. ஆனால் உள்ளே தள்ளிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. குக்லியெல்மியின் சுருளை வைத்துப் பார்த்து, சரியில்லை என்றால் பின்னுக்கு இழுத்து மறுபடி வைக்கலாம். மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் வேலையில் இந்த ஒரு வசதிதான் எல்லாவற்றையும் மாற்றியது.

சிகிச்சை நடப்பது இப்படித்தான்: முதலில் நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்கப்படுகிறது. தலை லேசாக அசைந்தாலும் திரையில் தெரியும் பாதை பிசகிவிடும். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஊசித்துளை போட்டு, அதன் வழியாகக் கத்தீட்டர் மகாதமனி வரை போய், அங்கிருந்து கழுத்துத் தமனிக்குள் ஏறுகிறது. அதற்குள்ளிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள மைக்ரோகத்தீட்டர் புறப்பட்டு, மருத்துவர் எக்ஸ்-ரே திரையைப் பார்த்து நடத்த, புடைப்பின் கழுத்தைத் தாண்டி உள்ளே நுழைகிறது. குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து தரப்படுகிறது. மூளையில் ரத்தம் கசிந்தவருக்கு உறைதலைத் தடுக்கும் மருந்தா என்று கேட்கத் தோன்றும். இந்தச் சிகிச்சையின் கத்திமுனையே அதுதான். எப்போது தொடங்குவது, எவ்வளவு தருவது என்பதில் அனுபவம் பேசும்.

பிளாட்டினம் மென்மையானது, உடலோடு சண்டையிடாது, எக்ஸ்-ரேயில் பளிச்சென்று தெரியும், காந்தத்தால் இழுபடாது. முடி போன்ற கம்பியை நுண்ணிய வில்சுருளாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுருளின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். குழாய்க்குள் நேராக இருப்பது, வெளியே வந்ததும் தனக்குப் பழக்கிய வளைய வடிவத்துக்குத் திரும்புகிறது. முதல் சுருள் பையின் உட்சுவரை ஒட்டி ஒரு கூடு பின்னும். பிறகு அதைவிடச் சிறியவை ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் போகும். இடம் சரி என்று உறுதியானதும் மெல்லிய மின்னோட்டம் இணைப்பைக் கரைத்துச் சுருளை விடுவிக்கும். இப்போது மின்சாரமில்லாமல் கழலும் வகைகளும் உண்டு.

இவ்வளவு செய்தாலும் பை உலோகத்தால் நிறைவதில்லை. நன்றாக அடைத்த புடைப்பிலும் கொள்ளளவில் ஏறக்குறைய கால்பங்குதான் பிளாட்டினம். மீதி இடத்தில் தேங்கும் ரத்தமே உறைந்து மூடுகிறது. காயில் செய்வதெல்லாம் உள்ளே பாயும் ரத்தத்தின் வேகத்தைக் கொல்வதுதான். நலிந்த சுவரை அது பழுதுபார்ப்பதில்லை. முறையின் பலமும் பலவீனமும் இதிலேயே அடங்கியிருக்கின்றன.

கழுத்து அகலமாக இருந்தால் சுருள்கள் புடைப்பு கிளம்பிய தாய்த்தமனிக்குள் நழுவும். அதற்காகக் கழுத்தின் குறுக்கே பலூனை ஊதிப் பிடித்துக்கொண்டு அடைப்பார்கள். அல்லது வலைக்குழாயான ஸ்டென்டை நிரந்தரமாக வைப்பார்கள். ஸ்டென்ட் வைத்தால் ரத்தத்தட்டுகள் ஒட்டாமலிருக்க இரு மருந்துகள் பல மாதம் தேவை. அதனால் புதிதாக வெடித்த நிலையில் அதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். அடர்ந்த பின்னலுள்ள ‘ஃப்ளோ டைவர்ட்டர்’ பைக்குள் எதையும் வைக்காமலே ரத்தத்தைத் திசைதிருப்பிவிடுகிறது.

சிகிச்சையின்போது இரண்டு ஆபத்துகள். ரத்தக்கட்டி தெறித்துப் போய்க் கிளைத்தமனியை அடைத்தால் பக்கவாதம் வரும். கம்பி சுவரைத் துளைத்தால் ரத்தம் கசியும். அப்போது பதறிப்போய்க் கம்பியை உருவக் கூடாது. ஹெப்பாரினை முறிக்கும் மருந்து கொடுத்துவிட்டு, விரைவாக மேலும் சுருள்களை அடைப்பதே வழி.

கிளிப்பா காயிலா என்ற வாதத்துக்கு 2002இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஐசாட் ஆய்வு ஓரளவு விடை தந்தது. வெடித்த புடைப்புள்ள 2,143 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ வேண்டியவர்களும் காயில் பிரிவில் 23.7 சதவீதம், கிளிப் பிரிவில் 30.6 சதவீதம். காயிலின் வெற்றி என்று இதைக் கொண்டாடியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: இரு முறையுமே பொருந்தும் என்று கருதப்பட்டவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தார்கள். பரிசீலிக்கப்பட்ட 9,559 பேரில் பெரும்பாலோர் அதற்கு வெளியே நின்றவர்கள். மூளையின் நடுத்தமனிக் கிளையில் அகன்ற கழுத்தோடு இருக்கும் புடைப்புகள் இன்றும் பல இடங்களில் கிளிப்புக்கே போகின்றன. பின்பகுதி அடித்தமனியின் உச்சியில் இருப்பவற்றுக்குக் காயிலே வசதி.

அடைத்த பிறகும், புடைப்பு வெடித்தவர்களின் கண்டம் தீர்வதில்லை. சிந்திய ரத்தத்தின் எரிச்சலால் நான்காம் நாளிலிருந்து இரண்டாம் வாரம் முடியும் வரை மூளைத் தமனிகள் சுருங்கக்கூடும். நிமோடிபின் மருந்து 21 நாட்கள் தரப்படுவது இதன் விளைவுகளைக் குறைக்கத்தான். வெடிக்காத புடைப்பை அடைத்துக்கொண்டவர்கள் சில நாட்களில் வீடு திரும்பலாம்.

சுருள்கள் காலப்போக்கில் அமுங்கினால் கழுத்தில் மறுபடி இடம் உண்டாகி ரத்தம் பாயும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு புடைப்பு ஓரளவு திறந்துகொள்கிறது. பத்தில் ஒன்றுக்கு மறுசிகிச்சை தேவைப்படுகிறது. எனவே சுமார் ஆறு மாதத்தில் தொடங்கி, பல ஆண்டுகள் எம்.ஆர். ஆஞ்சியோகிராமோ சாதாரண ஆஞ்சியோகிராமோ எடுத்துப் பார்க்க வேண்டும். பிளாட்டினம் அதற்குத் தடையில்லை.

வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்த் தற்செயலாகத் தெரியவரும் புடைப்புதான் மருத்துவரை அதிகம் யோசிக்க வைக்கிறது. காயில் போன்ற உள்வழிச் சிகிச்சையில் 100 பேரில் சுமார் 5 பேருக்குச் சிக்கல் நேர்கிறது. 7 மில்லிமீட்டருக்கும் குறைந்த, முன்பகுதித் தமனியில் உள்ள புடைப்பு அடுத்த சில ஆண்டுகளில் வெடிக்கும் ஆபத்து பெரும்பாலும் அதைவிடக் குறைவு. வயது, ரத்த அழுத்தம், அளவு, இடம், முன்பு வேறு புடைப்பு வெடித்திருக்கிறதா என்பவற்றைக் கூட்டிப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். காத்திருக்கலாம் என்று முடிவானால், புகையை விட்டு, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். முந்தைய படத்தில் இருந்ததைவிடப் புடைப்பு வளர்ந்திருந்தால் அடைப்பதே நல்லது.