நிக்காஹ்வுக்குப் பிறகும் படிப்பு



குற்றாலத்தில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ல் தொடங்கப்பட்டது. தென்காசி வட்டாரத்தில் பட்டம் பெற்ற பெண்கள் இன்று நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் நிக்காஹ் முடிந்ததும் பலரது சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடுகிறது. படிப்பும் அத்தோடு நின்றுவிடுகிறது.

மார்க்கம் அப்படி நிறுத்தச் சொல்லவில்லை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. தோல் கொப்புளத்துக்கு ஓதிப்பார்க்கும் முறையையும் ஹஃப்ஸாவுக்குக் கற்றுக்கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்களே ஷிஃபாவிடம் சொன்னதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மனைவி மேலும் கற்க வேண்டும் என்று விரும்பியவர் கணவர்தாம்.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் படித்தது சில வகுப்புகளே. வீட்டிலிருந்தபடியே தொடர்ந்து படித்து, 1938-ல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார்.

இன்று வழிகள் எளிது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோவிலும் வீட்டிலிருந்தே முதுகலை, பட்டயப் படிப்புகள் படிக்கலாம். மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் பாடங்கள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

தனியே தொடங்கினால் பாதியில் நின்றுவிடலாம். உடன் படித்த நாலைந்து பேர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிப் படியுங்கள். சேர்ந்தே வெளியூரும் போய் வாருங்கள். குற்றாலத்தில் அருவி மட்டுமல்ல, அரசு அருங்காட்சியகமும் உண்டு. எட்டயபுரத்தில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

வீட்டாரிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: வாரத்தில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், பீரோவில் இருக்கும் பட்டம் வெளியே வரும்.