கைக்குழந்தையோடு கடல் கடந்த தொண்டு



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பினாங்குத் தீவின் கடற்கரைகளில் விடுமுறையைக் கழிக்கப் போயிருந்தவர்களை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் அதிகமானோர் மடிந்தனர். அந்த நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறித்தானே நம் பாட்டன் பாட்டிமார் பலர் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்? ஆகவே, இப்படி ஒரு துயரம் நேரும்போது, "நாமும் போய்க் கைகொடுத்தால் என்ன?" என்று தோன்றுவது இயல்பே. உடனே அடுத்த கேள்வி வருகிறது: சின்னப் பிள்ளையை என்ன செய்வது? கூட்டிக்கொண்டு போகலாமா?

பேரிடர் நடந்த முதல் வாரங்களில் கூடாது என்பதே நம் கருத்து. ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் படுத்திருக்கும் இடத்தில் தட்டம்மை காற்றிலேயே பரவும். குடிநீரில் கழிவு கலந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. பிள்ளையோடு போகும் தம்பதியரில் ஒருவர் எப்போதும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உதவிக்கு வந்தது ஒரு கை. சோற்றுக்கு நிற்பதோ மூன்று வயிறு!

வீடு கட்டும் காலமும் பள்ளி திறக்கும் காலமும் வேறு. அப்போது பிள்ளை பாரமாக இராது. இடுப்பில் குழந்தையோடு வரும் பெண்ணிடம் கிராமத்துத் தாய்மார் தாமாகவே வந்து பேசுவார்கள். சட்டைப்பையில் அடையாள அட்டை குத்தியவரிடம் அப்படிப் பேசமாட்டார்கள்.

போவதென்று முடிவானால், நாலு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். நம் நாட்டில் தட்டம்மைத் தடுப்பூசி 9 மாதத்தில் போடப்படுகிறது. தட்டம்மை பரவும் இடத்துக்குப் போகும் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்திருந்தால், முன்கூட்டியே ஓர் ஊசி போடலாம். ஆனால் அது கணக்கில் சேராது. வழக்கமான ஊசிகளைப் பிறகு போட்டே ஆகவேண்டும். டைபாய்டு, மலேரியா பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட், தனி விசா வேண்டும்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையைப் பயணத்துக்காகப் பால் மறக்கச் செய்யாதீர்கள். அதைவிடச் சுத்தமான உணவு அங்கே கிடைக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. பிள்ளை சோர்ந்து, கண் குழி விழுந்து, சிறுநீர் குறைந்துவிட்டால் கைவைத்தியம் போதாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

தெரு நாயைத் தொடவிடாதீர்கள். கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும். வெறிநோய் முற்றிய பிறகு மருந்தே கிடையாது.

இந்தியாவின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. இங்கே ஆறு மணிக்கு எழும் பிள்ளை அங்கே மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்துகொள்ளும்! முதல் இரண்டு நாள் வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பிள்ளை தாங்குமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கின்றன அல்லவா? அங்கே அரை நாள் தொண்டு செய்யப் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். வெயில், கூட்டம், மேளச் சத்தம் எல்லாம் அங்கே உண்டு. பிள்ளை அழுது அடம்பிடித்தால் வீடு பக்கத்தில்தானே. பஸ் ஏறித் திரும்பிவிடலாம். நாகப்பட்டினத்திலிருந்து அப்படித் திரும்ப முடியாது.