சிறிய அந்துக்கு ஒரு பெயர் எதற்கு?

மாலையில் விளக்கேற்றியதும் சுவரில் வந்து அமரும் ஒரு மெலிந்த பூச்சியைப் பலரும் கண்டிருப்போம். சிறகுகளைச் சுருட்டி இருபுறமும் நீட்டியபடி, சிறு சிலுவை போல அசையாமல் நிற்கும். அதன் முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்து, ஒவ்வொரு பிளவும் பறவையின் இறகு போல இருக்கும். ஆகவே இதனை இறகு அந்து என்கிறோம்.

இடம்பெயர்ந்து வந்து, கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் புதிதாக அவரைக்கொடி படரவிடும் குடும்பங்களுக்கு இந்த அந்தோடு அலுவல் உண்டு. இதில் ஓர் இனத்தின் புழு அவரையின் மொட்டையும் பூவையும் இளங்காயையும் துளைத்து உண்ணும். 1864இல் பிரான்சிஸ் வோக்கர் என்ற ஆங்கிலேயர், இலங்கையிற் பிடிக்கப்பட்ட மாதிரியைக் கொண்டு அதற்கு 'அனிசொடக்டைலஸ்' என்று பெயர் வைத்தார். 1909இல் பிளெச்சர் என்பவர் இலங்கையின் இறகு அந்துகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். கொழும்பு நூதனசாலையின் ஆய்விதழில் அது வெளிவந்தது.

ஆனால் இறகு அந்துகள் எல்லாமே பகையல்ல. இன்னொரு இனம் நாயுண்ணியின் பூவையும் காயையும் தின்கிறது. காணிகளை மூடிவிடும் அந்தக் களையை அடக்குவதற்காகவே 1902இல் அதை மெக்சிக்கோவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அது இலங்கையிலும் உண்டு. தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பவை செயலில் வேறு.

அப்படியானால் புதிய இனம் ஒன்றை எப்படி அறிவது? சிறகின் நிறம் மட்டும் போதாது. ஆய்வாளர் அந்தின் வயிற்று நுனியைக் காரக் கரைசலில் இட்டுச் சூடாக்கி, சதையை நீக்கி, எஞ்சும் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியிற் பார்த்து வரைகிறார். முன்னர் பெயரிடப்பட்ட இனங்களின் மூல மாதிரிகளோடு ஒப்பிடுகிறார். எதனோடும் பொருந்தாவிட்டால், இரு சொற்கள் கொண்ட பெயரை இட்டு, விபரத்தையும் படத்தையும் வெளியிடுகிறார். ஒரு பூச்சியை அப்பெயருக்குரிய மூல மாதிரியாக நூதனசாலையில் வைக்கிறார். பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தால் அந்த ஒன்றே சாட்சி.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பதிவில் பெயர் பிழைத்தால் என்ன நடக்கும் என்பது நிவாரண வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். பயிரிலும் அப்படியே. சல்வீனியா என்ற நீர்க்களை 1939இல் இலங்கைக்கு வந்து, வயலையும் குளத்தையும் மூடியது. உலகெங்கும் அதை நெடுங்காலம் வேறோர் இனம் என்றே நினைத்திருந்தனர். அதற்கெனத் தேர்ந்து வெளிநாடுகளில் விட்ட வண்டுகள் பயன் தரவில்லை. 1972இல் அது தனி இனம் என்று விபரிக்கப்பட்டது. 1978இல் அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என்று கண்டனர். அங்கிருந்து கொண்டுவந்த கூன்வண்டும் புதிய இனமாகவே இருந்தது. 1985இல் அதற்கும் பெயர் கிடைத்தது. 1986 முதல் இலங்கையில் விடப்பட்ட அவ்வண்டு, மருந்தடிக்காமலே பல இடங்களிற் களையை அடக்கியது. சரியான பெயர் சரியான வழியைத் திறந்தது.

தொடக்கநூலில் உயிரினங்களுக்குப் பெயரிடும் பணி மனிதனிடம் ஒப்படைக்கப்படுகிறது. அது ஆள்வதற்கு மட்டுமன்று, அறிந்து காப்பதற்கும் ஆகும்.

ஆகவே, அவரையில் புழுவைக் கண்டதும் அயலார் சொன்ன மருந்தைத் தெளிக்கவேண்டாம். நல்ல பூச்சிகளும் அதனால் மடியும். கையிலுள்ள காசும் கரையும். புழுவையும், அது தின்ற காயையும் மூடியுள்ள போத்தலில் இட்டு, பயிரின் பெயரையும் பிடித்த நாளையும் எழுதி, கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுவோம். அவருக்கும் விளங்காவிட்டால் பேராதனையில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது. இதற்கிடையில், துளைபட்ட மொட்டையும் காயையும் கையால் பறித்து அழிக்கலாம். அதற்குச் செலவில்லை.