எர்ணாவூருக்குச் சொந்தக் கடியாரம்

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கும்பினியார் அமைத்த வானாராய்ச்சி நிலையம் கணித்த நேரமே சென்னை நேரமென்று விளங்கி, நெடுங்காலம் ரயில் வண்டிகளையும் நடத்திற்று. 1906 ஜனவரி முதல் நாள் பிறந்த இந்திய நேரத்தை வகுத்தவரும் அந்நியரே. அந்த ஆட்சி ஒழிந்தது. ஆயினும் எர்ணாவூர், எண்ணூர் போன்ற தொழிற்பகுதிகளில் ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் நேரம் அளிப்பவை பெரும்பாலும் அமெரிக்க ராணுவத்தின் ஜி.பி.எஸ். கோள்களே யன்றோ?

நேரம் இம்மியளவு பிசகினால் என்ன கேடு என்பாருண்டு. மின் பாதையில் பழுது நேரும்போது எந்த பிரேக்கர் முதலில் விழுந்தது என்பதை வினாடியின் ஆயிரத்திலொரு பங்கைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். ஒரு நிலையத்தின் கடியாரம் முந்தி, மற்றொன்று பிந்தினால், விளைவு காரணத்திற்கு முன்னே நிற்கும். குற்றமற்ற யந்திரம் பழி சுமக்கும்.

பரிகாரம் அரிதன்று. நமது நாவிக் கோள்களின் சமிக்ஞையையும் ஏற்கும் ரிசீவர் ஒன்று, அது வினாடிதோறும் தரும் துடிப்பைப் பின்பற்றும் கையளவு கணினி ஒன்று. சில ஆயிரம் ரூபாயில் நேரம் வழங்கும் சர்வர் ஆயத்தமாகி விடும். ஆனால் சமிக்ஞை அற்றபின் அது எத்தனை நாழிகை தவறாது ஓடும்? மலிவுச் சரக்கின் யோக்கியதை இங்கேதான் வெளிப்படுகிறது. சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும் நாளொன்றுக்கு 1.7 வினாடி தவறும். சிற்றடுப்புப் போன்ற கூட்டினுள் ஒரே உஷ்ணத்தில் காக்கப்படும் படிகமோ, கோளின் நேரத்தோடு முன்பே நன்கு பழக்கப்பட்டு, ஆயிரம் கோடியில் ஒரு பங்கே பிசகுமானால், நாளொன்றுக்குச் சுமார் 9 மைக்ரோ வினாடிதான் தவறும். பிரேக்கர் கணக்குக்கு இது பல நாள் தாராளம். ஒரு மைக்ரோ வினாடித் துல்லியம் வேண்டுவோர்க்கோ மூன்று மணி நேரங்கூடத் தாங்காது. அவர்கள் ரூபிடியம் கடியாரத்திற்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும்.

சுதேசி என்ற பெயர் ஒன்றே போதுமென்று நாம் கூறவில்லை. 2013-ல் ஏவப்பட்ட முதல் நாவிக் கோளின் மூன்று அணுக் கடியாரங்களும் பழுதாயின. அவை ஐரோப்பாவில் வாங்கியவை. நம்மவர் செய்த ரூபிடியம் கடியாரம் 2023 மே 29-ல் என்.வி.எஸ்.-01 கோளில் விண்ணேறியது கண்டு மகிழ்ந்தோம். 2025 ஜனவரியில் ஏவிய அடுத்த கோளோ உரிய பாதையை எட்டவில்லை. அவ்வாண்டு நவம்பரில் டில்லி விமான நிலையத்தருகே பொய்ச் சமிக்ஞைகள் விமானங்களைக் குழப்பின. இவை போதாவென்று எர்ணாவூரின் உப்புக்காற்று வேறு ஆண்டெனா இணைப்புகளை ஓயாது அரிக்கும்.

ஆதலின் கூட்டிலிட்ட படிகத்திற்கு ஆகும் செலவைக் குறைத்துச் சிக்கனம் தேட வேண்டாமென்று ஆலை முதலாளிகளுக்கும் சர்க்கார் அதிகாரிகளுக்கும் சொல்லுவோம். திருவொற்றியூர்ப் பட்டறையில் செய்ததாயினும் சீமைச் சரக்காயினும், வாங்குமுன் ஆண்டெனாக் கம்பியை ஒரு நாள் முழுதும் கழற்றி வையுங்கள்; மறுநாள் மாட்டி, எத்தனை மைக்ரோ வினாடி பிசகிற்றென்று எழுத்தில் கேளுங்கள்.